பென்குயின்கள் ஏன் அப்படி நெருக்கியடித்து நிற்கின்றன? கடற்பறவைக் காலனி பற்றி ஓர் எளிய விளக்கம்

கடற்பறவைக்குக் கரை எதற்கு? முட்டையிட. பெரும்பாலான கடற்பறவைகளுக்கு வேறு பெரிய தேவை எதுவும் கரையில் இல்லை.

இரை கடலில் கிடைக்கிறது. ஓய்வும் உறக்கமும் கடலிலேயே நடந்துவிடுகின்றன. ஆல்பட்ராஸ் குஞ்சு ஒன்று கூட்டைவிட்டுக் கிளம்பினால், பல ஆண்டுகள் நிலத்தில் கால் வைக்காமலேயே தென்கடலைச் சுற்றிக்கொண்டிருக்கும். ஆனால் பறவை முட்டைக்கு உடம்புச் சூடு வேண்டும், அசையாத இடமும் வேண்டும். அலைமேல் வைத்து அடைகாக்க முடியாது. அதனால் எவ்வளவு பெரிய கடலோடிப் பறவையாக இருந்தாலும் குஞ்சு வேண்டுமென்றால் கரையேறித்தான் ஆக வேண்டும். பென்குயின் காலனி என்று நாம் படங்களில் பார்க்கும் அந்தப் பெருங்கூட்டம் இந்தக் கட்டாயத்தில்தான் தொடங்குகிறது.

மதுரையைச் சுற்றியுள்ள கண்மாய்களுக்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்க அழைத்துப் போகிறவன் நான். நாரை, கொக்கு என்று பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எப்படியோ பென்குயினுக்குத் தாவிவிடும். “சார், அதுக ஏன் அவ்வளவு நெருக்கமா நிக்குதுக? குளிருக்கா?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. பெரியவர்கள் பலரும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள்.

குளிருக்காக ஒட்டிக்கொள்வது எம்பரர் பென்குயினின் வழக்கம். அண்டார்க்டிகாவின் கடும் குளிர்காலத்தில், உறைந்த கடல்மேல், ஆண் பறவைகள் காலின் மேல் முட்டையை வைத்துக்கொண்டு உடம்போடு உடம்பு உரச நிற்கும். அங்கே நெருக்கம் உயிர் காக்கிறது. ஆனால் பென்குயின்களில் ஏறத்தாழ 18 வகைகள் உண்டு. அவற்றில் பெரும்பாலானவை கோடையில்தான் குஞ்சு பொரிக்கின்றன. அந்தக் காலனிகளை உற்றுப் பாருங்கள்: பறவைகள் ஒன்றையொன்று தொடுவதே இல்லை. அடுத்த பறவையின் அலகு எட்டாத தூரத்தில், அளந்து வைத்தாற்போல் இடைவெளி விட்டு நிற்கும். எல்லை தாண்டினால் கொத்து விழும், இறக்கையால் அடி விழும். ஆக, ஒருவரையொருவர் பிடிக்காமல், ஆனால் பக்கத்திலேயே இருக்கிறார்கள். ஏன்? இந்தக் கேள்விக்கு விடை கண்டால் காலனி என்றால் என்ன என்பது பாதி புரிந்துவிடும்.

ஒரு தீவை எடுத்துக்கொள்வோம்

மக்வாரி தீவு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியாவுக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர். டாஸ்மேனியாவுக்கும் அண்டார்க்டிகாவுக்கும் கிட்டத்தட்ட நடுவில், தெற்கு அட்சரேகை 54 டிகிரியில் தனியாகக் கிடக்கிறது. நீளம் 34 கிலோமீட்டர். மதுரையிலிருந்து மேலூர் போய் இன்னும் கொஞ்சம் போகும் தூரம். அகலம் 5 கிலோமீட்டர் சொச்சம். மொத்தப் பரப்பு ஏறத்தாழ 128 சதுர கிலோமீட்டர். நம் மதுரை மாநகராட்சியின் பரப்பு 148 சதுர கிலோமீட்டர் என்பதால் தீவு நகரத்தைவிடச் சின்னது.

அங்கே ஒரு மரம்கூடக் கிடையாது. ஆள் இடுப்பளவு வளரும் புல்லும், பெரிய இலைச் செடிகளும், பாசியும்தான். வெப்பநிலை ஆண்டு முழுவதும் 3 டிகிரியிலிருந்து 7 டிகிரிக்குள் சுற்றிக்கொண்டிருக்கும். ஆண்டில் 300 நாளுக்கு மேல் மழையோ பனியோ தூறலோ ஏதாவது ஒன்று உண்டு. காற்று ஓய்வதில்லை. நம் கண்ணுக்கு இது யாரும் குடியிருக்க விரும்பாத இடம். ஆனால் கிங், ராயல், ஜென்டூ, ராக்ஹாப்பர் என்று நான்கு வகைப் பென்குயின்கள் இங்கே குஞ்சு பொரிக்கின்றன. நான்கு வகை ஆல்பட்ராஸ்களும், மண்ணுக்குள் வளை தோண்டி வாழும் பெட்ரல் பறவைகளும், அப்புறம் கரையெல்லாம் படுத்துக் கிடக்கும் யானைச் சீல்களும் உண்டு. இவற்றில் ராயல் பென்குயினுக்குத் தனிச் சிறப்பு. உலகத்தில் வேறெங்கும் அது குஞ்சு பொரிப்பதில்லை. இந்தத் தீவிலும் இதை ஒட்டிய சின்னப் பாறைத் தீவுகளிலும் மட்டும்தான். பழைய கணக்கெடுப்பு ஒன்று அவற்றை ஏறத்தாழ 8.5 லட்சம் இணைகள் என்று மதிப்பிட்டது.

மதுரையைவிடச் சின்ன இடத்தில், அதிலும் கடலோரமும் அதை ஒட்டிய பள்ளத்தாக்குகளும் மட்டும்தான் பென்குயினுக்கு உதவும் என்னும்போது, லட்சக்கணக்கில் எப்படி வந்து சேர்ந்தன?

கடல் பெரிது, கரை சின்னது

விடை வரைபடத்தில் இருக்கிறது. உலக உருண்டையைத் தெற்கிலிருந்து பாருங்கள். அண்டார்க்டிகாவைச் சுற்றி ஒரே தண்ணீர். அந்தப் பெருங்கடலில் நிலம் என்று சொல்லிக்கொள்ள மக்வாரி, தெற்கு ஜார்ஜியா, கெர்கெலன், குரோசே, ஹெர்ட் என்று சில தீவுகள்தான் ஆங்காங்கே புள்ளி புள்ளியாகக் கிடக்கின்றன.

தண்ணீரிலோ உணவு ஏராளம். குளிர்ந்த அண்டார்க்டிக் நீரும் அதைவிட வெதுவெதுப்பான வடக்கு நீரும் சந்திக்கும் பகுதி இந்தத் தீவுகளின் பக்கம் ஓடுகிறது. அடியிலிருந்து சத்துகள் மேலே வருகின்றன. கோடையில் பகல் நீண்டு வெளிச்சம் கூடும்போது நுண்ணிய பாசிகள் பெருகுகின்றன. அவற்றைத் தின்ன கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிர்களும், கிரிலைத் தின்ன மீன்களும் வருகின்றன. கிங் பென்குயினின் முக்கிய இரை, உடம்பில் ஒளிப்புள்ளிகள் கொண்ட விரல் நீள ஆழ்கடல் மீன்கள். அவற்றைத் தேடி அது 300 மீட்டருக்கும் கீழே முக்குளிக்கும்.

இன்னொன்று, இந்த உணவு ஓரிடத்தில் நிலையாக இருப்பதில்லை. இன்று இங்கே, நாளை நூறு கிலோமீட்டர் தள்ளி. ஒரு பறவை “இது என் மீன்பிடி எல்லை” என்று கடலில் கோடு போட்டுக் காவல் காக்க முடியாது. நம் வீட்டுப் பக்கத்துக் கரிச்சான் குருவியோ கருங்கொண்டை நாகணவாயோ தன் கூட்டைச் சுற்றியுள்ள இடத்திலேயே பெரும்பாலும் இரை தேடுகிறது. அந்த இடத்துக்குள் தன் இனப் பறவை இன்னொன்று வந்தால் கரிச்சான் விரட்டும். அதற்கு எல்லை காப்பதில் லாபம் உண்டு. கடற்பறவைக்கு அந்த லாபம் கிடையாது. கூட்டைச் சுற்றி ஒரு முழ இடம் போதும். மீதி நேரம் எல்லாருக்கும் பொதுவான கடலில்.

இந்த இரண்டையும் சேர்த்துப் பாருங்கள். காவல் காக்க முடியாத, தூரத்தில் சிதறிய உணவு. பாதுகாப்பாக முட்டையிடத் தோதான, மிகக் குறைந்த நிலம். இரண்டும் எங்கே சேர்ந்து வருகின்றனவோ அங்கே காலனி உருவாகும். பென்குயினோ கடற்காக்கையோ பெட்ரலோ, கடற்பறவை இனங்களில் 100-க்கு 95 காலனியாகத்தான் குஞ்சு பொரிக்கின்றன என்பதற்கு முதன்மையான காரணம் இதுதான்.

இதைப் பார்க்கத் தென்துருவம் வரை போக வேண்டியதில்லை. மதுரையிலிருந்து மேலூர் வழியாகத் திருப்பத்தூர் போகும் சாலையில் ஏறத்தாழ 50 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்டத்தில், வேட்டங்குடி பறவைகள் சரணாலயம் இருக்கிறது. வேட்டங்குடிப்பட்டி, பெரிய கொள்ளுக்குடிப்பட்டி, சின்னக் கொள்ளுக்குடிப்பட்டிக் கண்மாய்கள் சேர்ந்தது. 1977-இல் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. வடகிழக்குப் பருவமழையில் கண்மாய் நிரம்பியதும் நத்தைகுத்தி நாரை, வக்கா, வெள்ளைக் கொக்குகள், நீர்க்காகம், அரிவாள்மூக்கன் என்று பல வகைப் பறவைகள் தண்ணீருக்குள் நிற்கும் கருவேல மரங்களில் கூடு கட்டும். இரைக்கு அவை சுற்று வட்டாரத்து வயல்களுக்கும் மற்ற கண்மாய்களுக்கும் பறந்து போகும். நத்தையும் மீனும் தவளையும் எங்கே கிடைக்கும் என்று நிலையில்லை. ஆனால் சுற்றிலும் தண்ணீர் நிற்கும் மரம், நாய் நரி ஏற முடியாத மரம், சில இடங்களில்தான் உண்டு. எனவே ஒரே மரத்தில் முப்பது நாற்பது கூடுகள்.

அந்த மரம் ஒன்றைக் கரையில் நின்று பைனாகுலரில் பார்த்தால் இடைவெளிக் கணக்கு தெளிவாகத் தெரியும். உச்சிக் கிளையில் நாரை கழுத்தை நீட்டி அடுத்த கூட்டைக் கொத்தப் பார்க்கும். அரை அடி எட்டாது. அதனால் இரு கூடும் அங்கேயே நிலைத்துவிடும். இன்னொரு நாரை வாயில் குச்சியோடு நடுவில் இறங்கப் பார்த்தால் இரு பக்கமும் அலகைத் தட்டி ஓசை எழுப்பும். கீழ்க்கிளைகளில் இலை மறைவில் வக்கா. இலையெல்லாம் எச்சம் பட்டு வெள்ளை வெள்ளையாக இருக்கும். காற்று நம் பக்கம் திரும்பினால் மீன் கவிச்சியும் அமோனியா நெடியும் கலந்து வரும். மக்வாரி தீவுக்குப் போய் வந்தவர்களும் முதலில் எழுதுவது அந்த நெடியைப் பற்றித்தான்.

கொள்ளுக்குடிப்பட்டிக்காரர்கள் பறவைகள் மிரளக் கூடாது என்று தலைமுறைகளாகத் தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை. அந்த முடிவு பறவையியல் படியும் மிகச் சரியானது. ஏன் என்று பின்னால் வருகிறேன்.

கூட்டத்துக்குள் நுழைந்தால்

கிங் பென்குயின் காலனியில் கூடு என்று ஒன்று கிடையாது. கல்லும் இல்லை, புல்லும் இல்லை. ஒரே ஒரு முட்டை. அதைக் காலின் மேல் வைத்து, வயிற்றுத் தோல் மடிப்பால் மூடிக்கொண்டு நிற்கும். தாயும் தகப்பனும் முறை மாற்றி மாற்றி ஏறத்தாழ 54 நாள் அடைகாக்கும். ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் இரண்டு பறவை என்ற கணக்கில், கண்ணுக்கெட்டிய தூரம் வரை.

முட்டையிட்டதிலிருந்து குஞ்சு கடலுக்குப் போகும்வரை ஓராண்டுக்கும் மேல் ஆகும். நடுவில் ஒரு முழுக் குளிர்காலத்தை, பெற்றோர் எப்போதாவது கொண்டுவரும் இரையை வைத்துக்கொண்டு, பட்டினியும் தாங்கி அது கடக்க வேண்டும். அதனால் கிங் பென்குயின் காலனி ஒருநாளும் காலியாவதில்லை. எந்த மாதம் போனாலும் முட்டையோ, பழுப்புத் தூவி போர்த்த குண்டுக் குஞ்சோ, இறகு உதிர்க்கும் பெரிய பறவையோ இருக்கும். அந்தப் பழுப்புக் குஞ்சுகளைப் பார்த்த பழைய மாலுமிகள் அது வேறு இனப் பென்குயின் என்றே நினைத்தார்கள்.

ராயல் பென்குயினின் பஞ்சாங்கம் வேறு. செப்டம்பரில் கரையேறும், அக்டோபரில் முட்டையிடும், பிப்ரவரிக்குள் குஞ்சுகள் கடலுக்குப் போய்விடும். பெரிய பறவைகள் இன்னொரு முறை வயிறு நிரப்பிக்கொண்டு வந்து, பழைய இறகை மொத்தமாக உதிர்க்கும். அந்தச் சில வாரங்கள் தண்ணீருக்குள் இறங்க முடியாது. நனைந்தால் குளிர் உடம்பில் ஏறிவிடும். அதுவரை பட்டினிதான். புது இறகு வந்ததும் காலனி காலியாகிவிடும். ராயல் பென்குயின் இடும் இரண்டு முட்டைகளில் முதலாவது சின்னது. பெரும்பாலும் தாயே அதைக் கூட்டிலிருந்து தள்ளிவிடும். அதற்கான காரணத்தை விஞ்ஞானிகள் இன்னும் விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

சரி, ஆயிரக்கணக்கான ஒரே மாதிரி குஞ்சுகளுக்கு நடுவில் தன் குஞ்சை ஒரு கிங் பென்குயின் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கூடு இருந்தால் இடத்தை வைத்துக் கண்டுபிடிக்கலாம். கூடும் இல்லை, குஞ்சும் ஓரிடத்தில் நிற்பதில்லை. கொஞ்சம் வளர்ந்ததும் குஞ்சுகள் எல்லாம் ஒன்றாகத் திரண்டு நிற்கும். பெற்றோர் இருவரும் கடலில். வாரக்கணக்கில் கழித்து வயிற்றில் மீனோடு ஒருவர் திரும்பி வருகிறார். சுற்றிலும் ஆயிரம் பறவைகள் கத்துகின்றன.

கண் இதற்கு உதவாது, குரல்தான். கள்ளழகர் ஆற்றில் இறங்கும் அன்று வைகைக் கூட்டத்தில் கைவிட்டுப்போன பிள்ளை, மைக்செட்டுக்கும் மேளத்துக்கும் நடுவே தன் அம்மா கூப்பிடும் குரலை மட்டும் பிடித்துத் திரும்பிப் பார்க்குமே, அதே வேலைதான். பறவையின் குரல்பெட்டி மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியும் இடத்தில் இருக்கிறது. கிங் பென்குயின் அதன் இரண்டு பக்கத்தையும் ஒரே நேரத்தில், சற்றே வேறுபட்ட சுருதியில் ஒலிக்க வைக்கும். இரண்டும் கலக்கும்போது ஒரு துடிப்பு உண்டாகிறது; அந்தத் துடிப்பு பறவைக்குப் பறவை மாறும். பிரெஞ்சு ஆய்வாளர்கள் தியரி ஓபனும் பியர் ஜுவாந்தனும் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், பதிவு செய்த குரல்களைக் குஞ்சுகளுக்குப் போட்டுக் காட்டிச் சோதித்தார்கள். சுற்றியுள்ள இரைச்சலைவிடக் குறைந்த ஒலியில் வந்தாலும் குஞ்சு தன் பெற்றோர் குரலை அடையாளம் கண்டு பதில் கொடுத்தது. கூடு கட்டும் பென்குயின் வகைகளின் குரலில் இவ்வளவு நுட்பம் இல்லை. இடமே பாதி அடையாளமாகிவிடுவதால் அவற்றுக்கு அது தேவைப்படவில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த செய்தி இதுதான். நெருக்கம் ஒரு சிக்கலைக் கொடுக்கிறது, அந்தச் சிக்கலே பறவையின் தொண்டையைச் செதுக்கியிருக்கிறது.

மண்ணுக்குள் இன்னொரு காலனி

படங்களில் வராத காலனி ஒன்று உண்டு. பிரயான், வெண்தாடைப் பெட்ரல் போன்ற பறவைகள் சரிவான மண்ணில் கையளவு வளை தோண்டி, உள்ளே ஒரே முட்டை இடும். பகலில் அந்தச் சரிவில் நடந்தால் வெறும் புல்தான் தெரியும். இருட்டியதும் கடலிலிருந்து வந்து இறங்கத் தொடங்கும். நிலா வெளிச்சம் இருக்கும் இரவுகளில் வருவது குறையும். காரணம் ஸ்குவா. பருந்து அளவுள்ள, பழுப்பு நிறக் கொள்ளைப் பறவை அது. வெளிச்சத்தில் சிக்கினால் பெட்ரலைப் பிடித்துத் தின்றுவிடும்.

கும்மிருட்டில் தன் வளையை எப்படிக் கண்டுபிடிக்கிறது? மோப்பத்தால். பறவைகளுக்கு மோப்பம் கிடையாது என்ற பழைய பேச்சை இந்தப் பறவைகள் பொய்யாக்கிவிட்டன. 2004-இல் வெளிவந்த ஆய்வொன்றில், கெர்கெலன் தீவின் அண்டார்க்டிக் பிரயான்கள் தம் துணையின் வாசனையை மற்ற பறவையின் வாசனையிலிருந்து பிரித்தறிந்தது நிரூபணமானது. மேலே குரலால் ஆளைக் கண்டுபிடிக்கும் ஊர், கீழே வாசனையால் கண்டுபிடிக்கும் ஊர், இரண்டும் ஒரே தீவில்.

லாபமும் நட்டமும்

இடப் பற்றாக்குறையால் சேர்ந்தாலும், சேர்ந்த பிறகு சில நன்மைகள் கிடைக்கின்றன. முதலாவது, பாதுகாப்பு. எல்லாப் பறவைகளும் சில வாரங்களுக்குள் முட்டையிட்டுவிடுவதால் ஸ்குவா எவ்வளவு தின்றாலும் கூட்டத்தில் சிறு பங்குதான் குறையும். அதன் வயிற்றுக்கும் ஓர் அளவு உண்டே. சீக்கிரம் இட்டதும் தாமதமாக இட்டதும் தனியாக மாட்டிக்கொள்ளும். இடத்திலும் அப்படித்தான்: நடுவில் இருக்கும் கூட்டைவிட ஓரத்தில் இருக்கும் கூட்டுக்கு ஆபத்து அதிகம். அனுபவமுள்ள பறவைகள் நடுவிடத்துக்குச் சண்டை போடுவது அதனால்தான். இரண்டாவது, சேதி. நல்ல இரை கண்டு திரும்பும் பறவைகள் எந்தத் திசையிலிருந்து வருகின்றன என்று பார்த்து மற்றவை அந்தப் பக்கம் போகலாம். எல்லாக் காலனியிலும் இது நடக்கிறது என்று சொல்ல முடியாது. சில இனங்களில் சான்று உண்டு.

நட்டமும் குறைவில்லை. ஆயிரக்கணக்கான வாய்கள் ஒரே இடத்திலிருந்து கிளம்பினால் பக்கத்துக் கடலில் இரை வற்றும். மேலும் மேலும் தூரம் போக வேண்டியிருக்கும். பிலிப் ஆஷ்மோல் என்ற பறவையியலாளர் 1963-இலேயே இதைச் சொன்னார். ஒரு காலனி எல்லையில்லாமல் பெருகாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். உண்ணிகளும் பெருகும். தொற்று நோய் வந்தால் நெருக்கமே எதிரியாகிவிடும். 2023 அக்டோபரில் தெற்கு ஜார்ஜியாவை ஒட்டிய பேர்ட் தீவில் எச்5என்1 பறவைக் காய்ச்சல் முதலில் ஸ்குவாக்களிடம் கண்டுபிடிக்கப்பட்டது. அந்தப் பகுதிக்கு அது வந்து சேர்ந்தது அதுவே முதல் முறை. இறந்ததைத் தின்னும் பறவை வழியாக நோய் காலனிகளுக்குள் நுழைவது எவ்வளவு எளிது என்று யோசித்துப் பாருங்கள்.

எச்சத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பறவை கடலில் தின்று கரையில் கழிக்கிறது. அதாவது கடலின் நைட்ரஜனும் பாஸ்பரசும் தினமும் கரையேறுகின்றன. பறவைகள் மிதிக்கும் இடத்தில் எதுவும் முளைக்காது, வெறும் சேறுதான். ஆனால் அந்தச் சேற்றுக்குச் சற்றுத் தள்ளிப் பாருங்கள், புல் கரும்பச்சையாகச் செழித்திருக்கும். கொக்கு அடையும் கண்மாய்த் தண்ணீர் நெல்லுக்கு நல்லது என்று நம் பக்கத்து விவசாயிகள் சொல்வதும் இதே கணக்குதான்.

மனிதர்கள் வந்த பிறகு

1810-இல் சீல் வேட்டைக் கப்பல் ஒன்று மக்வாரியைக் கண்டது. சில ஆண்டுகளிலேயே மென்மயிர்ச் சீல்கள் அனைத்தும் தோலுக்காகக் கொல்லப்பட்டன. அடுத்து யானைச் சீல்களின் கொழுப்பு. அப்புறம் பென்குயின்கள். நியூசிலாந்து வணிகர் ஜோசப் ஹாட்ச் 1890 வாக்கில் தீவில் பெரிய இரும்புக் கொதிகலன்களை நிறுவி, பென்குயின்களை நீராவியில் வேகவைத்து எண்ணெய் எடுத்தார். முதலில் கிங், பிறகு ராயல். பென்குயினுக்குத் தரையில் நடந்து வந்து வேட்டையாடும் எதிரி இருந்ததில்லை. மனிதரைப் பார்த்து ஓடத் தெரியாது. காலனி என்பதால் தேடிப் போகவும் வேண்டியதில்லை. தன்னைக் காத்த நெருக்கமே இங்கே தன்னைக் காட்டிக்கொடுத்தது.

டக்ளஸ் மாசன் உள்ளிட்ட துருவப் பயணிகள் எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். முதல் உலகப்போர் முடிந்த கையோடு உரிமம் புதுப்பிக்கப்படாமல் தொழில் நின்றது. 1933-இல் தீவு சரணாலயமானது. தீவின் லூசிடேனியா விரிகுடாவில் 1930-இல் ஏறத்தாழ 3,400 ஆக இருந்த கிங் பென்குயின்கள் 1980-இல் 2 லட்சத்தைத் தாண்டியிருந்தன. துருப்பிடித்த கொதிகலன்கள் இன்றும் அங்கேயே நிற்கின்றன. அவற்றைச் சுற்றிப் பறவைகள் அடைகாக்கின்றன.

கொல்வதை நிறுத்தியதும் பென்குயின் மீண்டது. வளைப் பறவைகள் அப்படி மீளவில்லை. கப்பல்களோடு எலியும் சுண்டெலியும் வந்திருந்தன, பூனை வந்திருந்தது, சாப்பாட்டுக்கென்று முயலும் விடப்பட்டிருந்தது. பூனைகள் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கடற்பறவைகளைக் கொன்றதாக ஒரு மதிப்பீடு. முயல் வேறு விதமாகக் கெடுத்தது. புல்லைத் தின்று சரிவுகளை மொட்டையாக்கியது. 2006-இல் பெருமழையில் அப்படி மொட்டையான சரிவு ஒன்று இடிந்து லூசிடேனியா விரிகுடாவின் பென்குயின்கள்மேல் விழுந்தது.

2000-இல் கடைசிப் பூனை அகற்றப்பட்டதும் முயல்கள் மேலும் பெருகின. முயலைத் தின்னப் பூனை இல்லாமல் போனது ஒரு காரணம். முயல்களைக் குறைக்கவென்று பரப்பப்பட்டிருந்த நோயின் வீரியம் குறைந்தது இன்னொரு காரணம். எது பெரிது என்பதில் ஆய்வாளர்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. ஒன்றை மட்டும் எடுத்தால் போதாது, எல்லாவற்றையும் சேர்த்து எடுக்க வேண்டும் என்பது அப்போது தெளிவாயிற்று. 2010, 2011 குளிர்காலங்களில் ஹெலிகாப்டரிலிருந்து தீவு முழுவதும் நச்சு இரை தூவினார்கள். அதன் பிறகு பழக்கிய நாய்களோடு ஆட்கள் தீவை அங்குலம் அங்குலமாகத் தேடி எஞ்சிய முயல்களைப் பிடித்தார்கள். 2014-இல் தீவில் முயல், எலி, சுண்டெலி மூன்றும் இல்லை என்று அறிவிக்கப்பட்டது. விலையும் கொடுத்தார்கள். நச்சு தின்று செத்த முயலைத் தின்று ஸ்குவாக்களும் ராட்சதப் பெட்ரல்களும் கணிசமாக இறந்தன. இருந்தாலும் அது செய்ய வேண்டிய வேலை என்றே நான் நினைக்கிறேன். நூறாண்டுக்கும் மேலாகத் தீவில் குஞ்சு பொரிக்காதிருந்த சாம்பல் பெட்ரல் பூனை ஒழிந்த காலத்தில் மறுபடி வந்து வளை தோண்டியது. புல்லும் பெரிய இலைச் செடிகளும் சரிவுகளை மறுபடி மூடிவிட்டன.

எப்படி எண்ணுகிறார்கள்?

லட்சக்கணக்கில் என்று எழுதிவிடுகிறோம், யார் எண்ணியது? பறவையியலாளர்கள் தலையை எண்ணுவதில்லை. எந்த நேரத்திலும் பாதிப் பறவை கடலில் இருக்கும். அதனால் பறவை இருக்கும் கூட்டை எண்ணி, ஒரு கூட்டுக்கு ஓர் இணை என்று கொள்கிறார்கள். பெரிய காலனியில் சில இடங்களில் கட்டம் போட்டு எண்ணி, மொத்தப் பரப்பால் பெருக்குகிறார்கள். இப்போது ட்ரோன் படங்களும் உதவுகின்றன. விண்வெளியிலிருந்தும் பார்க்க முடிகிறது: பறவை தெரியாது, எச்சக் கறை தெரியும். அண்டார்க்டிகாவின் டேஞ்சர் தீவுகளில் அப்படிக் கறையைப் பார்த்துத் தேடிப் போய், 7.5 லட்சம் இணை அடேலி பென்குயின்கள் இருப்பதைக் கண்டார்கள். 2018-இல் அது வெளியானது. அதுவரை அவ்வளவு பெரிய கூட்டம் அங்கே இருப்பது யாருக்கும் தெரியவில்லை.

இதே முறையை நீங்கள் வேட்டங்குடியில் செய்து பார்க்கலாம். நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை நல்ல காலம். மழை பொய்த்த ஆண்டில் எதுவும் இருக்காது. காலையில் போங்கள். பறக்கும் பறவையை எண்ண வேண்டாம், எண்ண எண்ண மாறிக்கொண்டே இருக்கும். ஒரு மரத்தைத் தேர்ந்து, பறவை உட்கார்ந்திருக்கும் கூடுகளை மட்டும் இனம் பிரித்து எண்ணுங்கள். கரையைவிட்டுக் கீழே இறங்காதீர்கள், கத்தாதீர்கள். மக்வாரிக்கு வரும் பயணிகளும் பறவையிலிருந்து 5 மீட்டர் தள்ளித்தான் நிற்க வேண்டும். காரணம் இரண்டு இடத்திலும் ஒன்றே: மிரண்ட பறவை எழுந்தால் முட்டை திறந்து கிடக்கும். அங்கே ஸ்குவா காத்திருக்கிறது, இங்கே காகம் காத்திருக்கிறது. ஒரு பறவை எழுந்தால் பக்கத்தில் இருப்பவையும் எழும் என்பதால், ஒரு வெடிச் சத்தம் ஒரு கூட்டோடு போவதில்லை.

எண்ணி முடித்ததும் தேதி, நேரம், நின்ற இடம், எந்த மரம் என்பதையும் குறித்து வையுங்கள். அடுத்த ஆண்டு வேறொருவர் அதே இடத்தில் நின்று எண்ணிப் பார்த்தால்தான் கூடியதா குறைந்ததா என்று தெரியும்.